படத்தில் இல்லாதவர்

வீடியோ கேமரா வாங்கப் போகிறவரைக் கடையில் முதலில் மயக்குவது ஓர் எண். ‘800 மடங்கு ஜூம்’ என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். அதற்குக் கீழே, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டும் தெரியும்படி, ‘ஆப்டிகல் 10 மடங்கு’ என்று இருக்கும். லென்ஸுக்குள் கண்ணாடிகள் நகர்ந்து தூரத்தில் இருப்பதை நிஜமாகவே அருகே இழுப்பது அந்தப் பத்து மடங்குதான். மிச்சமெல்லாம் கிடைத்த படத்தின் நடுப்பகுதியைக் கத்தரித்து ஊதிப் பெரிதாக்கும் வேலை. அந்த 800-ஐ நம்பிப் பொத்தானை அழுத்தினால், மேடையில் நிற்கும் பெரியப்பாவின் முகம் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்துவிடும்.

2000-ஐ ஒட்டிய வருடங்களில் எங்கள் சொந்தக்காரர்கள் யாராவது ஹேண்டிகேம் வாங்குவதென்றால் என்னையும் துணைக்கு அழைப்பார்கள். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, பர்மா பஜாருக்குப் போனாலும் சரி, பேரம் பேசுவது அவர்கள் பொறுப்பு; பெட்டியைத் திருப்பிப் பார்ப்பது என் பொறுப்பு. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வருகிறவர்கள் கிளம்புவதற்கு முன் போன் செய்து மாடல் கேட்பார்கள். அமெரிக்காவில் வாங்கி வருகிறேன் என்பவரை மட்டும் தடுத்துவிடுவேன். அங்கே என்.டி.எஸ்.சி. முறை, நொடிக்கு ஏறக்குறைய 30 படங்கள். நம் தொலைக்காட்சி ‘பால்’ முறை, நொடிக்கு 25 படங்கள். இரண்டையும் வாங்கிக்கொள்ளாத பழைய டிவி வீட்டில் இருந்தால் திரையில் படம் உருண்டுகொண்டே இருக்கும்.

அந்தக் காலத்து ராஜா மினி டிவி கேசட். டிவி என்றால் இங்கே டிஜிட்டல் வீடியோ. 1995-ல் சோனியின் விஎக்ஸ் 1000 போன்ற கேமராக்களோடு அது சந்தைக்கு வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட், உள்ளே 6.35 மில்லிமீட்டர் அகல நாடா. ஒரு மணி நேரம் பிடிக்கும். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகச் சுருக்கி நொடிக்கு 25 மெகாபிட் வீதம் எழுதிக்கொண்டே போகும். கணினிக்கு மாற்றினால் ஒரு கேசட் சுமார் 13 ஜிபி. பழைய வீஎச்எஸ் கேசட்டில் பிரதிக்குப் பிரதி எடுத்தால் கல்யாணப் பெண்ணின் பட்டுப்புடவை வெளுத்துக்கொண்டே வரும். இதில் எத்தனை பிரதி எடுத்தாலும் சிவப்பு சிவப்புதான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை ஏராளம். மூன்று சிசிடி சில்லுகள் உள்ள கேமரா, வெளிச்சத்தைப் பட்டகத்தால் பிரித்துச் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் ஒரு சில்லுக்கு அனுப்பும். நிறம் துல்லியமாக வரும், விலையும் ஏறும். பின்னால் சீமாஸ் சில்லு வந்தபோது மண்டபத்தில் புகைப்படக்காரரின் ஃபிளாஷ் ஒவ்வொரு முறை மின்னும்போதும் படத்தில் பாதி வெளுத்து, பாதி இருண்டு போயிற்று. அந்தச் சில்லு படத்தை வரி வரியாக மேலிருந்து கீழே படிப்பதுதான் காரணம். கேசட் போடும் கதவு அடிப்பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். இருந்தால், ஒவ்வொரு முறை கேசட் மாற்றும்போதும் ஸ்டாண்டிலிருந்து கேமராவைக் கழற்ற வேண்டும். அதற்குள் மாலை மாற்றி முடித்துவிடுவார்கள்.

இதெல்லாம் கண்ணுக்கான கணக்கு. கேமராவைக் காதால் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. மைக் செருக ஒரு துளை, ஹெட்போன் செருக ஒரு துளை, இந்த இரண்டும் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கடைக்காரர்கள் இதை விசித்திரமாகப் பார்ப்பார்கள். ஆனால் கேமராவின் உடம்பிலேயே இருக்கும் மைக், நாடா சுற்றும் மோட்டாரின் முனகலையும் சேர்த்துப் பதிவு செய்யும். மெனுவுக்குள் 12 பிட், 16 பிட் என்று ஒலிக்கு இரண்டு தேர்வு இருக்கும். 16-க்கு மாற்றிவிட்டுத்தான் கேமராவை உரியவர் கையில் கொடுப்பேன்.

இன்னொன்று, கெட்டிமேளம். சின்னக் கேமராக்களில் ஒலியின் அளவைக் கேமராவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். தாலி கட்டும் நேரத்தில் தவில் ஓங்கி அடித்ததும் அது மிரண்டு மொத்த ஒலியையும் அமுக்கிவிடும். மேளம் ஓய்ந்த பிறகும் சில நொடிகள் அது பழைய நிலைக்குத் திரும்பாது. சரியாக அந்த நொடிகளில்தான் பெண்ணின் அம்மா ஏதாவது சொல்லியிருப்பார். உதடு அசைவது தெரியும், பேச்சு கேட்காது. ஒலியைக் கையால் அமைக்கும் வசதி உள்ள கேமராவுக்குக் கூடுதலாகச் சில ஆயிரம் கொடுக்கலாம் என்று நான் வாதாடியது இதற்காகத்தான்.

இத்தனை வருடம் கழித்துச் சொந்தக்காரர்களின் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டுக் கேட்கும்போது ஒரு விஷயம் தெளிவாகிறது. கேமராவைப் பிடித்தவர் எந்தப் படத்திலும் இல்லை. ஆனால் மைக்குக்கு மிக அருகில் இருந்தவர் அவர்தான். அதனால் எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்பது அவர் குரல். “பாட்டி, இங்க பாருங்க, கையை ஆட்டுங்க.” “டேய், வெளிச்சத்த மறைக்காதடா.” நடுநடுவே செருமல், மூச்சு வாங்குவது, யாரும் கேட்கவில்லை என்ற நினைப்பில் ஒரு பழைய பாட்டின் முணுமுணுப்பு. ஆல்பத்தில் அவரைத் தேடினால் விறைப்பாக நிற்கும் இரண்டு புகைப்படங்கள் கிடைக்கலாம். கேசட்டில் அவர் மணிக்கணக்கில் இருக்கிறார். யாரிடம் கனிந்து பேசுவார், யாரைக் கண்டால் குரல் இறுகும், எந்தக் குழந்தையை விட்டுக் கேமரா நகர மனமில்லாமல் நின்றது, எல்லாம் அதில் இருக்கிறது.

ஸ்டுடியோக்காரர் எடுத்துக் கொடுத்த கல்யாண வீடியோவில் இது கிடைக்காது. ஃபோகஸ் லைட்டும் நடுக்கமில்லாத படமும் இருக்கும். ஆனால் நேரில் பேசிய பேச்சையெல்லாம் துடைத்துவிட்டு, தலைப்பிலிருந்து பந்தி வரை சினிமாப் பாட்டு போட்டிருப்பார்கள். அதே கல்யாணத்தைச் சித்தப்பா நடுங்கும் கையோடு எடுத்த கேசட்டில், பாயசத்தில் ஏலக்காய் அதிகம் என்று பந்தியில் நடந்த விவாதம் முழுசாக இருக்கிறது.

பெரிய சினிமாக்காரர்களும் இந்தச் சின்னக் கருவியைப் பயன்படுத்தினார்கள். 1998-ல் கான் விழாவில் நடுவர் பரிசு பெற்ற டென்மார்க் படமான ‘ஃபெஸ்டன்’, வீட்டில் வைத்திருக்கும் வகை மினி டிவி கேமராவில் எடுக்கப்பட்டது. பிரான்ஸின் ஆக்னஸ் வர்தா இன்னும் ஒரு படி மேலே போனார். அறுவடை முடிந்த வயலிலும் சந்தையிலும் மிஞ்சியதைப் பொறுக்குகிறவர்களைப் பற்றி 2000-ல் அவர் எடுத்த ஆவணப்படத்தில், ஒரு கையில் கேமராவை வைத்துக்கொண்டு முதுமை தட்டிய தன் மறு கையைப் படம் பிடித்தார். நிறுத்த மறந்து ஓடிய கேமராவின் முன்னால் லென்ஸ் மூடி ஆடிக்கொண்டிருந்த காட்சியைக்கூட வெட்டாமல் இசையோடு சேர்த்துவிட்டார். எடுப்பவர் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை என்பதைச் சின்னக் கேமராதான் அவருக்குச் சாத்தியமாக்கியது.

எனவே பழைய ஹேண்டிகேமைத் தேடி வாங்கும் இளைஞர்கள் என்னிடம் யோசனை கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். பக்கவாட்டில் திறக்கும் திரையைப் பயன்படுத்துங்கள். கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் துளை உங்கள் முகத்தை மறைத்துவிடும். கேமராவை நெஞ்சுக்குக் கீழே இறக்கிப் பிடித்தால் எதிரே இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார். ஏசி அறையிலிருந்து சென்னைப் புழுக்கத்துக்குள் வந்தவுடனே பதிவை ஆரம்பிக்காதீர்கள். உள்ளே ஈரம் படிந்தால் கேமரா எச்சரித்துவிட்டு நின்றுவிடும். சற்று நேரம் அப்படியே விட்டுவையுங்கள். முக்கியமாக, எடுக்கும்போது பேசுங்கள். கேள்வி கேளுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள்.

பரணில் கேசட் வைத்திருப்பவர்களுக்கு அவசரம் அதிகம். ஒரு மணி நேரக் கேசட்டை மாற்ற ஒரு மணி நேரம் ஓடியே ஆக வேண்டும். அதற்கான ஃபயர்வயர் துளை இப்போது வரும் கணினிகளில் இல்லை. ஓடுகிற கேமராக்களும் குறைந்துகொண்டே வருகின்றன. நாடாவில் பூஞ்சை பூத்தால் கதை முடிந்தது. மாற்றித் தருகிறவரிடம் ஒலியைத் தொட வேண்டாம், பாட்டுச் சேர்க்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பிறகு வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்து ஓடவிட்டு, திரையில் தெரிகிறவர்களின் பெயரோடு, பேசுகிறவர் யார் என்பதையும் நேரத்தோடு ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். முகத்தை அடையாளம் காட்டப் பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. குரலை அடையாளம் காட்ட, அதைக் கேட்டு வளர்ந்தவர்களை விட்டால் வேறு யாரும் இல்லை.