விமானம் கிளம்புமுன் வருகைப் பதிவு

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு நான் விமானம் ஓட்டுகிறேன் என்றால் வீராம்பட்டினத்தில் சிரிக்கிறார்கள். கம்ப்யூட்டரில்தான். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 1982-ல் முதன்முதலில் வந்தது. என்னிடம் இருப்பது 2020-ல் வந்த பதிப்பு. செயற்கைக்கோள் படங்களை வைத்து உலகம் முழுவதையும் அதில் அமைத்திருக்கிறார்கள். லாஸ்பேட்டை ஓடுதளமும் உண்டு, நம்ம அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடமும் உண்டு.

எனக்கு விளையாட்டுப் பைத்தியம் எதுவும் இல்லை. பேரன் தூலூஸில் இருக்கிறான். அங்கே குளிர்காலத்தில் காலை பத்து மணி என்றால் இங்கே இரண்டரை. அவன் ஒரு விமானம், நான் ஒரு விமானம், கடலோரமாக மீனம்பாக்கம் வரை போவோம். சின்ன செஸ்னாவில் முக்கால் மணி நேரம் ஆகும். அவனுக்குத் தமிழ் குறைவு. நான் பள்ளியில் படித்த பிரெஞ்சு, முப்பது வருஷக் கிளார்க் வேலையில் துருப்பிடித்துக் கிடந்தது. அந்த முக்கால் மணி நேரத்தில்தான் அது உயிர் பெறுகிறது.

சிமுலேட்டர் தனியாக ஓடினால் போதாது. கூடவே துணைப் புரோகிராம்கள் வேண்டும். விமானம் எங்கே போகிறது என்று வரைபடத்தில் காட்ட லிட்டில் நவ்மேப், ஜாய்ஸ்டிக் பட்டன்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்க எஃப்எஸ்யுஐபிசி, இருவரும் பேசிக்கொள்ள இன்னொன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும்.

நான் மறக்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் வரைபடம். அடுத்த வாரம் ஜாய்ஸ்டிக் புரோகிராம். ஓடுதளத்தில் நின்றுகொண்டு தேடுவேன். பேரன் பொறுமையாக "பரவாயில்லை தாத்தா" என்பான். மூன்றாவது வாரம் பாதி நேரம் இதிலேயே போய்விட்டது. அன்று ராத்திரி மகள் போன் செய்தாள். அதையும் இதையும் பேசிவிட்டு, "அப்பா, டாக்டர் கிட்ட ஒரு தடவை காட்டுங்களேன்" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கடைசி மூன்று வருஷம் என் அண்ணனுக்குத் தன் வீட்டு வாசலே தெரியவில்லை. அதை இருவரும் பார்த்தவர்கள்தானே.

பேரன்தான் வழி சொன்னான். சிமுலேட்டர் திறக்கும்போது எக்ஸிஇ டாட் எக்ஸ்எம்எல் என்ற ஒரு கோப்பைப் படிக்குமாம். அதில் எழுதியிருக்கும் புரோகிராம்களைத் தானே கிளப்பிவிடுமாம். "நானே இங்கிருந்து செய்து தரட்டுமா?" என்றான். வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன். அந்த நேரத்தில் எனக்கு அது முக்கியமாகப் பட்டது.

கோப்பு ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் இருந்தது. திறந்து பார்த்ததும் சிரிப்பு வந்தது. அப்படியே வருகைப் பதிவேடு! ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு பெயர், எந்த இடத்தில் இருக்கிறது என்ற முழு விலாசம், 'டிஸேபிள்ட்' என்று ஒரு கட்டம். அதில் 'ட்ரூ' என்று போட்டால் பெயர் இருக்கும், ஆள் லீவு. 'ஃபால்ஸ்' என்று போட்டால்தான் வேலைக்கு வருவார்.

மூன்று பெயரையும் எழுதிச் சேமித்தேன். ஒன்றும் கிளம்பவில்லை. முதல் காரணம், நோட்பேட் கோப்பின் பெயருக்குப் பின்னால் 'டாட் டிஎக்ஸ்டி' என்று ஒரு வாலை ஒட்டியிருந்தது. அந்த வால் கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸில் அதைக் காட்டச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதைச் சரிசெய்தும் கிளம்பவில்லை. தாளில் அச்செடுத்து, ஆபீஸில் சம்பளப் பட்டியல் சரிபார்ப்பது போல ஸ்கேல் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். திறந்த ஒவ்வொரு குறியையும் மூட வேண்டும், மூடும் குறியில் ஒரு சாய்கோடு வேண்டும். நான் ஒரு இடத்தில் அதை விட்டிருந்தேன். ஒருவர் பெயரில் தப்பு, மூன்று பேருக்குமே சம்பளம் நின்றுபோனது! சாய்கோட்டைப் போட்டேன். வரிசையாக எல்லாம் கிளம்பின. நீங்கள் யாராவது செய்வதாக இருந்தால், கை வைக்குமுன் பழைய கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

இனி கவலை இல்லை என்று இரண்டு வாரம் நிம்மதியாக இருந்தேன். மூன்றாவது வாரம் எல்லாப் புரோகிராமும் ஒழுங்காகத் திறந்திருக்க, விமானம் திரும்ப மாட்டேன் என்றது. ஜாய்ஸ்டிக் வயரை நான் சொருகவே இல்லை. நம்ம செங்கழுநீர் அம்மன் தேரில் வடம் பிடிக்க ஆயிரம் பேர் தானாக வந்துவிடுவார்கள். முட்டுக்கட்டைக்காரர் சக்கரத்தடியில் இருக்கிறாரா என்று ஒருவர் குனிந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.

சொல்லத் தயங்கியபடி பேரனிடம் சொன்னேன். அவன் ஒரு கதை சொன்னான். 1935 அக்டோபர் 30-ல் அமெரிக்காவில் ரைட் ஃபீல்டில் போயிங்கின் புது நான்கு எஞ்சின் விமானத்தை ராணுவத்துக்கு ஓட்டிக் காட்டினார்கள். ஓட்டியவர் அனுபவசாலியான ராணுவ விமானி. நிறுத்தியிருக்கும்போது காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டைக் கழற்ற மறந்துவிட்டார்கள். மேலே ஏறிய விமானம் விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் கிளம்புமுன் படித்துப் பார்க்கும் பட்டியல் வழக்கத்துக்கு வந்தது. அதே விமானம் பி-17 என்ற பெயரில் பிறகு ஆயிரக்கணக்கில் பறந்தது. "அவங்க மறதிக்காரங்க இல்லை தாத்தா. வேலை அதிகம், அவ்வளவுதான்" என்றான்.

டாக்டரையும் பார்த்தேன். இப்போதைக்குப் பயமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். போவேன். மகளிடமும் சொல்லிவிட்டேன்.

இப்போது கிளப்புகிற வேலை கோப்புக்கு, சரிபார்க்கிற வேலை எனக்கு. ஒரு அட்டையில் ஆறு வரி எழுதி வைத்திருக்கிறேன். வயர், வரைபடம், ஜாய்ஸ்டிக், பேச்சு, பெட்ரோல், பிரேக். அதே ஆறு வரி தூலூஸிலும் இருக்கிறது. அவன் பிரெஞ்சில் ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறான். சின்ன வயதில் வகுப்பில் வாத்தியார் பெயர் கூப்பிட்டால் சொல்வோமே, அதே மாதிரி நான் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துவிட்டு "ப்ரெஸான்" என்கிறேன். ஆறும் முடிந்ததும் ஏழாவதாக அவன் "தாத்தா" என்று கூப்பிடுகிறான். அதற்கும் "ப்ரெஸான்"தான். பிறகு கிளம்புகிறோம்.