அவர் ஊருக்கே போய்விடலாமா?

இந்தப் பேச்சு பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகுதான் தொடங்கும். மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்திருப்பார், அல்லது மாமியார் அடுப்பை அணைக்க மறந்திருப்பார். குடும்பம் சிட்னியிலோ சியாட்டிலிலோ இருக்கும். கணவர் ஜப்பானியர், மனைவி உள்ளூர்க்காரர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். பிள்ளைகள் தூங்கிய பிறகு கணவர் தயங்கித் தயங்கிக் கேட்பார்: "ஊருக்கே போயிடலாமா?" அவருக்கு அது ஊர். மனைவிக்கோ, சில விடுமுறைகளைக் கழித்துவிட்டு வந்த இடம். சில வீடுகளில் மனைவி ஜப்பானியராகவும் கணவர் வெளிநாட்டவராகவும் இருப்பார்கள். கேள்வி மட்டும் மாறுவதில்லை.

கேட்டவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இன்னொருவர் நாட்டில், இன்னொருவர் மொழியில் வேலை பார்த்தவர் அவர். அப்பாவின் பிறந்தநாளையும் நண்பனின் திருமணத்தையும் கைபேசித் திரையில் பார்த்தவர். "இத்தனை வருஷம் நான் உன் ஊர்ல இருந்தேனே" என்ற வார்த்தை அவர் வாய்வரை வந்து நின்றுவிடும். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதையே கடனாக எழுதிவைத்து, "இனி உன் முறை" என்று முடிவுகட்டும்போதுதான் சிக்கல் வருகிறது. இருபத்தைந்து வயதில், தனியாளாக, தானே விரும்பி ஒருவர் வெளிநாடு போகிறார். இன்னொருவர் நாற்பது வயதில், பிள்ளைகளோடும் பாதி வளர்ந்த தொழிலோடும் துணையின் பின்னால் போகிறார். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியாகாது.

ஜப்பானுக்குப் போகலாம் என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. ஆறு வயதுக் குழந்தைகள் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்கு நடந்து போகிற நாடு அது. மருத்துவச் செலவில் பெரும்பாலானோர் கையிலிருந்து கட்டுவது 30 சதவீதம்தான். பிள்ளைகளுக்கு அந்தப் பங்கிலும் பெரும்பகுதியை நகராட்சிகள் ஏற்றுக்கொள்கின்றன. தாத்தா பாட்டி பக்கத்திலேயே இருப்பார்கள். அப்பாவின் மொழி, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் முணுமுணுக்கும் பாடமாக இல்லாமல், பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானத்து மொழியாகிவிடும். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இவை எல்லாம் நாட்டைப் பற்றியவை. அங்கே போய்ச் சேரும் வெளிநாட்டுத் துணை எதன் மேல் காலூன்றி நிற்பார் என்பதை இவை சொல்வதில்லை.

முதலில் மாறுவது கணவர்தான். சிட்னியில் சமையலும் துணி மடிப்பதுமாக வீட்டில் பாதியைத் தாங்கியவர், டோக்கியோவில் இரவு ஒன்பது மணிக்கு வேலையிலிருந்து திரும்புபவராகிவிடலாம். வீட்டுக்கு மூத்த மகன் என்ற நாற்காலி அவருக்காகக் காத்திருக்கும். பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கைகள், எந்தப் பையில் எந்தப் பொருள், எதில் எல்லாம் பெயர் எழுத வேண்டும் என்ற பட்டியல்கள், பெற்றோர் சங்கப் பொறுப்புகள், எல்லாம் ஜப்பானிய மொழியில் வந்து குவியும். தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளில் பிள்ளைகள் 'கான்ஜி' எனப்படும் ஜப்பானிய எழுத்துகளில் 1,026ஐக் கற்கிறார்கள். மூன்றாம் வகுப்பு வீட்டுப்பாடத்திலேயே அம்மா பின்தங்கிவிடுவார். சொந்த ஊரில் பொறியாளராகவோ செவிலியராகவோ தலைநிமிர்ந்து நடந்தவர், மருத்துவருக்குப் போன் செய்யக்கூடக் கணவர் வீடு திரும்பும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு ஒரு தாம்பத்தியத்தை எவ்வளவு அரித்துவிடும் என்பதைப் புறப்படும் முன் யாரும் பேசுவதில்லை.

காகிதங்களும் அந்தச் சார்புநிலையையே சொல்கின்றன. ஜப்பானில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கோசெகி என்ற குடும்பப் பதிவேடு உண்டு. அது குடிமக்களுக்கு மட்டும். வெளிநாட்டு மனைவி அதில் ஓர் உறுப்பினர் அல்ல. இன்னாரை மணந்தார் என்ற குறிப்பில்தான் அவர் பெயர் இடம்பெறும். வசிப்பிடப் பதிவேட்டிலும் 2012 ஜூலை வரை வெளிநாட்டவர்களைச் சேர்க்கவில்லை. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து பிள்ளை பெற்று வளர்த்த தாய் இருக்க, நகராட்சி தரும் நகலில் தகப்பனும் பிள்ளைகளும் மட்டும் இருந்தார்கள். ஒரு நாடு அதைத் திருத்திக்கொள்ள இந்த நூற்றாண்டு வரை எடுத்துக்கொண்டது என்பது வருத்தத்துக்குரியது. திருத்தியது நல்லது.

விசாவும் அப்படித்தான். ஜப்பானியரின் துணைக்குக் கிடைக்கும் விசாவில் எந்த வேலையும் பார்க்கலாம், அது பெரிய சலுகை. ஆனால் அதற்கு உத்தரவாதக் கடிதம் தருபவர் பொதுவாக அந்தக் கணவரே. புதுப்பிக்கும்போதும் அவர் கையெழுத்து வேண்டும். மணவிலக்கானால் 14 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தக்க காரணமின்றி ஆறு மாதம் துணையாக வாழாதிருந்தால் விசாவையே ரத்து செய்ய இடமுண்டு. மணமாகி மூன்று ஆண்டுகளும் ஜப்பானில் தொடர்ந்து ஓர் ஆண்டும் ஆகியிருந்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். போனதும் செய்ய வேண்டிய முதல் காரியங்களில் ஒன்றாக இதை வைத்துக்கொள்வது நல்லது. கணவர் மேல் சந்தேகம் இருப்பதால் அல்ல. கணவருக்கு ஏதாவது ஆகிவிட்டாலும் பிள்ளைகளோடு அதே வீட்டில் இருக்க முடிய வேண்டும் என்பதற்காக.

சொத்து விஷயத்தில் பலர் பார்க்கத் தவறுகிற ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் வாரிசு வரியே கிடையாது. ஜப்பானில் அது 55 சதவீதம் வரை போகும். துணைவர் விசாவில் ஜப்பானில் குடியிருப்பவருக்கு, சிட்னியில் தன் தாய் விட்டுச் சென்ற வீடு வந்தாலும் ஜப்பான் அதற்கு வரி கேட்க முடியும். 3 கோடி யென்னும், அதற்கு மேல் வாரிசு ஒவ்வொருவருக்கும் 60 லட்சம் யென்னும் கழிவு உண்டு. பெருநகரத்து வீட்டு விலைக்கு அது போதாது. புறப்படும் முன் ஒரு வரி ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் உட்காருவது வீண்செலவாகாது.

பிள்ளைகள் பக்கம் வந்தால்தான் இந்த முடிவின் முழுப் பாரமும் தெரியும். 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் ஜப்பான் 2014 ஏப்ரலில் சேர்ந்தது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையை, மற்றொரு பெற்றோரின் சம்மதம் இல்லாமல் வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால், அது வழக்கமாக வசித்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். பிள்ளை எங்கே பிறந்தது, எந்தக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறது என்பவை அல்ல, வழக்கமாக எங்கே வாழ்கிறது என்பதே கணக்கு. சிட்னியில் இருக்கும்வரை அது ஆஸ்திரேலியா. குடும்பம் ஜப்பானில் வேரூன்றிவிட்டால் அது ஜப்பான். பிறகு மணவாழ்க்கை முறிந்து, தாய் பிள்ளைகளோடு தன் பெற்றோரிடம் திரும்ப நினைத்தால், அவரைக் காப்பாற்றும் என்று நம்பிய சட்டமே அவர் வழியை மறிக்கும். "ரெண்டு வருஷம் பார்ப்போம், பிடிக்கலைன்னா திரும்பிடலாம்" என்று சொல்லிப் புறப்படும் தம்பதிகளுக்கு, பிடிக்காதது ஒருவருக்கு மட்டுமாக இருந்தால் என்ன நடக்கும் என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

மணவிலக்குக்குப் பின் பெற்றோரில் ஒருவருக்கு மட்டுமே பிள்ளைகள் மீதான உரிமை என்பதே ஜப்பானில் நெடுங்காலம் சட்டமாக இருந்தது. உரிமை இழந்த பெற்றோர் பிள்ளைகளின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் போன சம்பவங்கள் உண்டு. 2021இல், டோக்கியோ ஒலிம்பிக் நேரத்தில், அரங்கத்துக்கு அருகே ஒரு பிரெஞ்சுத் தந்தை உண்ணாவிரதம் இருந்தது உலகச் செய்தியானது. 2024 மே மாதம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. கூட்டுப் பொறுப்புக்கு வழிவிடும் அந்தத் திருத்தம் 2026 ஏப்ரல் முதல் செல்லுபடியாகும்.

இத்தனை கவலையும் வெறும் சட்டப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. ஜப்பானியப் பேய்க்கதைகளை உலகுக்குச் சொன்ன லஃப்காடியோ ஹெர்னின் வாழ்க்கையைப் படிப்பவர்களுக்கு இது புரியும். அவருடைய தாய் ரோசா, கித்தெரா என்ற கிரேக்கத் தீவைச் சேர்ந்தவர். தந்தை சார்லஸ் ஹெர்ன், பிரிட்டிஷ் படையில் மருத்துவராக இருந்த அயர்லாந்துக்காரர். 1850இல் மகன் பிறந்தான். 1852இல் ரோசா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கணவரின் ஊரான டப்ளினுக்குப் போனார். கணவர் அப்போது மேற்கிந்தியத் தீவுகளில் பணியில் இருந்தார். ரோசாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எழுதப் படிக்கவும் தெரியாது. மாமியார் வீட்டு மதம் வேறு, குளிர் வேறு, சாப்பாடு வேறு. கணவர் திரும்பி வந்தார், மறுபடி கிரிமியப் போருக்குப் போனார். 1854இல் கர்ப்பிணியாக ரோசா தன் தீவுக்குத் திரும்பினார். மகனை டப்ளினிலேயே விட்டுவிட்டுப் போனார்.

திருமண ஒப்பந்தத்தில் ரோசாவின் கையெழுத்து இல்லை என்று காட்டி சார்லஸ் அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கிக்கொண்டார். வேறொருவரை மணந்து, நம் செக்கந்தராபாத்துக்குப் பணிமாற்றலில் வந்தார். ரோசா 1882இல் கோர்ஃபு தீவின் மனநல விடுதியில் இறந்தார். மகன் தாயை மறுபடி பார்க்கவேயில்லை. எழுதத் தெரியாத ஒருத்தியின் கையெழுத்து இல்லாததையே ஆதாரமாக்கி அவளைக் கழற்றிவிட முடிந்தது என்பதை இன்று படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

அந்த மகன்தான் 1890இல் ஜப்பான் வந்து, மட்சுயே நகரில் ஆங்கில ஆசிரியரானார். சாமுராய் குலத்துப் பெண் கோய்சுமி செட்சுவை மணந்தார். மனைவியின் பெற்றோர், வளர்ப்புப் பெற்றோர் என்று ஒரு பெரிய குடும்பமே அவர் சம்பளத்தை நம்பி இருந்தது. 1893இல் முதல் மகன் கசுவோ பிறந்தான். அப்போது அவர் மனத்தில் எழுந்த கேள்வி இன்றைய தம்பதிகளுடையதே: நான் இறந்துவிட்டால் இவர்கள் கதி என்ன? மனைவி பிரிட்டிஷ் குடிமகள் ஆனால், ஜப்பானிய மண்ணில் அவருடைய சொத்துரிமைக்கு ஆபத்து. தான் ஜப்பானியர் ஆனால், வெளிநாட்டு ஆசிரியருக்கான உயர்ந்த சம்பளம் போய்விடும் என்ற பயம். எல்லாவற்றையும் எடைபோட்டு 1896இல் மனைவியின் குடும்பத்தில் இணைந்து கோய்சுமி யாகுமோ ஆனார். அது ஜப்பான் மீதான பித்து என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பித்தும் இருந்திருக்கலாம். ஆனால் தாய்க்கு என்ன நேர்ந்தது என்று அறிந்த ஒரு மகன், தன் மனைவி பிள்ளைகளின் காலடி நிலத்தை உறுதிப்படுத்திக்கொண்ட செயலாகவே அதைப் பார்க்கத் தோன்றுகிறது.

அவருக்கும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. ஜப்பானிய மொழி கடைசிவரை அவருக்குச் சரளமாகவில்லை. கணவனும் மனைவியும் இலக்கணம் உதிர்ந்த, தங்களுக்கு மட்டும் புரிகிற ஒரு பேச்சில்தான் கதை பேசினார்கள். 1903இல் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழக வேலை போனது. அந்த இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர் நாவலாசிரியர் நட்சுமே சோசெக்கி. கசுவோவை அமெரிக்காவுக்கு அழைத்துப் போய்ப் படிக்கவைக்கலாம் என்ற ஆசையும் கைகூடவில்லை. 1904இல் இறந்தார். ஆனால் செட்சுவும் பிள்ளைகளும் அவர் உறுதிசெய்து வைத்த நிலையில், சொந்த மண்ணில், சொந்தப் பெயரில் இருந்தார்கள். தாய்க்கும் மகனுக்கும் இருந்த வேறுபாட்டை ஊரின் நல்லது கெட்டதில் தேட வேண்டியதில்லை. மகன் கையில் தனக்கென்று ஒரு தொழில் இருந்தது. மோசமான நாள் வருவதற்கு முன்பே அதற்கான ஏற்பாடும் நடந்திருந்தது.

இன்றைய தம்பதிகளும் அந்த மோசமான நாளைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். வெளிநாட்டுத் துணைக்கு அவர் பெயரில் வங்கிக் கணக்கு, அவருக்கென்று வேலை அல்லது அதற்கான படிப்பு, முதல் ஆண்டிலேயே மொழி வகுப்புக்கு நேரமும் பணமும், ஆண்டுக்கு ஒருமுறை பிறந்த வீட்டுக்குப் போய்வரும் செலவு. இவற்றை விருப்பப் பட்டியலாக விடாமல், பயணச்சீட்டு வாங்கும் முன் முடிவுசெய்ய வேண்டும். திரும்பி வருவதானால் எப்போது, யார் சொன்னால், பிள்ளைகள் யாருடன் என்பதை இரு நாட்டுச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசி எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்தக் காகிதம் நீதிமன்றத்தை முழுதாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் எந்த இடத்தில் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது அதை எழுதும்போதே வெளிவந்துவிடும்.

விழுந்த மாமனாரிடமும் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். ஜப்பானில் 2000ஆம் ஆண்டு முதல் முதியோர் பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது. நாற்பது வயது முதல் எல்லாரும் சந்தா கட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்து குளிப்பாட்டும் பணியாளர், பகல்நேர இல்லம் என்று பலதும் அதில் கிடைக்கும். மருமகள் தன் வாழ்க்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றால்தான் ஆச்சு என்ற நிலை இப்போது இல்லை. பிள்ளை பக்கத்தில் இருந்தால் போதும், கூடவே இருக்க வேண்டாம் என்று நினைக்கிற முதியவர்களும் உண்டு. மகன் அதைத் தானே ஊகித்து முடிவெடுத்துவிடக் கூடாது.

முடிவை ஒத்திப்போட முடிகிறவர்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஜப்பானியப் பள்ளிகள் ஜூலை 20 வாக்கில்தான் கோடை விடுமுறைக்கு மூடும். அமெரிக்கப் பள்ளிகளில் பல ஜூன் தொடக்கத்திலேயே மூடிவிடும். தாத்தா பாட்டி வீட்டுக்கு வரும் பிள்ளைகளைச் சில வாரங்கள் மட்டும் வகுப்பில் உட்கார அனுமதிக்கும் உள்ளூர்ப் பள்ளிகள் பல உள்ளன. நகராட்சியில் முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்யலாம். அந்த வாரங்களில் கணவர் வேறு நகரத்தில் வேலைக்குப் போய்விடுவது நல்லது. காலையில் பிள்ளைகளைக் கிளப்புவது, பள்ளிச் சுற்றறிக்கையைப் படிக்க முயல்வது, காய்ச்சல் வந்தால் மருத்துவரைத் தேடுவது, மாமியாரோடு சமையலறையைப் பகிர்வது, எல்லாவற்றையும் மனைவி தனியாகச் செய்து பார்க்கட்டும். ஜூலைக் கடைசியில் இருவரும் உட்கார்ந்து பேசும்போது, அதில் முதலில் பேச வேண்டியவர் அவர்.