கொக்கிக்கு ஒரு பூட்டு

குளிர் நாடுகளில் உணவகம், நூலகம், கல்விக்கூடம் போன்ற பொதுவிடங்களின் சுவரில் வரிசையாக அறையப்பட்டிருக்கும் ஒருவகைக் கொக்கியைப் பற்றி இத்திங்கள் எழுத விழைகிறோம். மேலங்கியும் தொப்பியும் மாட்டுவதற்குரிய கொக்கி அது. அதற்குப் பூட்டும் சாவியும் உண்டு. நம் நாட்டில் மேலங்கி அணிந்து திருப்பலிக்கு வருவோர் அரியர். ஆதலால் இது நமக்கு எதற்கு என்று நேயர்கள் வினவக்கூடும். சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டுகிறோம். இப்பொருள் நம் ஆலயத் தாழ்வாரம் வரை வந்து சேர்ந்துவிட்டது.

முதற்கண் அதன் அமைப்பைக் கூறிவிடுவோம். கொக்கியின் வளைவுக்கு மேலே ஒரு சிறு இரும்புத் தண்டு கதவுபோல் வந்து மூடும். சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் மேலங்கியானது கழுத்துப்பட்டையின் உட்புறம் தைத்த ஒரு சிறு நாடாவினால்தான் கொக்கியில் தொங்குகிறது. கள்வனிடம் ஒரு கத்தரிக்கோல் இருந்தால் நாடா பூட்டுக்குள்ளும் அங்கி அவன் தோளிலுமாகப் பிரிந்துவிடும். இதனை உணர்ந்தவர்கள் கொக்கியோடு ஒரு சங்கிலியை இணைத்து, அதை அங்கியின் கைக்குள் நுழைத்து எடுத்துப் பூட்டும் வகையைச் செய்தனர். தொப்பியின் பாடு இன்னும் கடினம். அதற்குக் கையும் இல்லை, நாடாவும் இல்லை. விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கியைத்தான் நாட வேண்டியதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்க நாட்டினர் இத்தகைய பூட்டுகள் பலவற்றுக்கு அரசின் காப்புரிமை பெற்றனர். ஆண்கள் அனைவரும் ஒரே நிறத்தில் மேலங்கியும் ஒரே வடிவில் தொப்பியும் அணிந்த காலம் அது. பழையதை மாட்டிவிட்டுப் புதியதை எடுத்துச் செல்வது களவா மறதியா என்று வழக்காட இயலாத நிலை! உங்கள் தொப்பிக்கும் அங்கிக்கும் நிர்வாகம் பொறுப்பன்று என்ற பலகை உணவகந்தோறும் தொங்கியது.

இங்கே ஒன்றை இடையே சொல்லிவைக்கலாம். பெரிய தங்கும் விடுதிகளின் அலமாரியில் உடை மாட்டும் சட்டத்தைக் கவனித்திருப்பீர்கள். அதன் வளையம் கம்பியோடு நிலையாக இருக்கும்; சட்டம் மட்டும் கையோடு வரும்; வெளியே கொண்டுபோனால் எங்கும் மாட்ட இயலாது. அங்கே காவல் செய்யப்படுவது விருந்தினரின் உடை அன்று. விருந்தினரிடமிருந்து சட்டத்தைக் காக்கிறார்கள்.

நாம் மேற்படிப்பின் பொருட்டு உரோமையில் தங்கியிருந்த தொண்ணூறுகளில் இக்கொக்கியோடு பழக நேர்ந்தது. நாம் சென்றுவந்த படிப்பகம் ஒன்றின் நடைக்கூடத்தில் முதலாண்டில் வெறும் கொக்கிகளே இருந்தன. அவற்றின் எதிரே ஒரு நாற்காலியில் முதியவர் ஒருவர் அமர்ந்திருப்பார். எந்த அங்கி எவருடையது என்பது அவருக்கு மனப்பாடம். நமது அங்கி, ஊருக்குத் திரும்பிச் சென்ற மூத்த குருவானவர் ஒருவர் விட்டுச்சென்றது. கைகள் நம் விரல்நுனி வரை தொங்கும். அதைக் கண்டு அம்முதியவர் தம் மனைவியிடம் கொடுத்து மடித்துத் தைத்துத் தந்தார். மறு ஆண்டு அவர் ஓய்வு பெற்றார், நாற்காலியும் எடுக்கப்பட்டது. அவ்வாண்டு மார்கழியில் ஆப்பிரிக்க நாட்டுக் குரு மாணவர் ஒருவரின் அங்கி களவு போயிற்று. இரவு மழையில் இரண்டு கல் தொலைவு நடந்து, நெஞ்சுச்சளியால் பன்னிரண்டு நாள் படுக்கையில் கிடந்தார். அதன் பின்னரே பூட்டுக் கொக்கிகள் வந்தன. களவு நின்றது உண்மை. அதன் பிறகு அந்த நடைக்கூடத்தில் யாரும் யாரோடும் பேசிக்கொண்டு நின்றதாக நமக்கு நினைவில்லை.

ஆடைக்களவு இன்று நேற்றுத் தோன்றியது அன்று. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரின் பொதுக் குளிப்பகங்களை நாம் கண்டிருக்கிறோம். குளிக்க வருவோர் ஆடை களையும் அறையில், நம் பழைய வீடுகளில் விளக்கு வைக்கும் மாடக்குழிபோல, சுவரில் வரிசையாகக் குழிகள். செல்வர் தம் அடிமையைக் காவலுக்கு நிறுத்துவர். மற்றோர் கூலிக்குக் காவல் காப்போனிடம் ஒப்படைப்பர். அக்காவலனே கள்வனாய் மாறுவதும் உண்டு போலும்! 533-இல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டத் தொகுப்பில், குளிப்பகக் கள்வர்களுக்கென்றே ஒரு தனித் தலைப்பு இருக்கிறது; கூலிக்கு ஆடை காப்போர் வஞ்சனை செய்தால் விசாரிக்க வேண்டிய அதிகாரி யார் என்பதும் வேறோரிடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது.

அடிமையும் இல்லை, கூலி கொடுக்கக் காசும் இல்லை என்றால் ஏழை என் செய்வான்? இங்கிலாந்து நாட்டில் பாத் என்னும் ஊரில் வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. உரோமையர் காலத்தில் அங்கே சூலிஸ் என்னும் பெண் தெய்வத்தை வழிபட்டனர். 1979, 1980-ஆம் ஆண்டுகளில் அவ்வூற்றை அகழ்ந்தபோது, சுருட்டி எறியப்பட்ட உலோகத் தகடுகள் நிறையக் கிடைத்தன. ஏறத்தாழ 130 தகடுகளில் எழுத்து இருந்தது. பெரும்பாலானவை களவு கொடுத்தோர் இட்ட சாபங்கள். தோசிலியானுஸ் என்பவன் முக்காடு வைத்த தன் மேலங்கியை இழந்தவன். எடுத்தவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ உரிமையுடையவனோ, அங்கியைக் கோவிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்வரை அவனுக்கு உறக்கமும் பிள்ளைப்பேறும் இல்லாமற் போகட்டும், சாவும் வரட்டும் என்று வேண்டுகிறான். ஓர் அங்கிக்காகவா இத்தனை சினம் என்று நாம் எண்ணலாம். வேறு அங்கி வாங்க வழியற்றவனின் சினம் அது. இன்னொருவன் பணப்பையிலிருந்து ஆறு வெள்ளிக்காசுகளை இழந்தவன். கள்வன் புறமதத்தானோ கிறிஸ்தவனோ யாராயினும் தண்டனை பெறட்டும் என்று எழுதிவைத்தான். நம் திருமறையினர் அக்காலத்திலேயே ஐயப்பட்டியலில் இடம்பெற்றுவிட்டனர் என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

பூட்டாலும் சாபத்தாலும் தடுக்க இயலாத களவும் உண்டு. 1960-இல் இஸ்ராயேல் கடற்கரையில் யாவ்னே-யாம் என்ற இடத்தருகே பானையோடு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. கி.மு. ஏழாம் நூற்றாண்டில் எபிரேய மொழியில் மையால் எழுதப்பட்ட மனு அது. அறுவடைக் கூலியாள் ஒருவன் ஆளுநருக்கு முறையிடுகிறான்: குறித்த அளவை அறுத்து முடித்துச் சேர்த்துவைத்துவிட்டான், ஆயினும் மேலாளன் அவன் மேலாடையைப் பறித்துக்கொண்டான், வெயிலில் உடன் உழைத்தவர்கள் சான்று சொல்வார்கள், ஆடையைத் திருப்பித் தரச் செய்யவேண்டும். ஆளுநர் செவிசாய்த்தாரா என்பது ஓட்டில் இல்லை. யாத்திராகமத்தில் ஆண்டவர் விதித்த கட்டளையை நினைத்துப் பாருங்கள்: ஏழையின் மேலாடையை அடகாகப் பெற்றால் கதிரவன் மறையுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், இரவில் போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறு துணி இல்லை. மறையுரையில் நாம் விரைந்து வாசித்துக் கடந்துபோகும் இக்கட்டளையின் பின்னே, அந்த ஓட்டில் நம்மோடு பேசும் மனிதனைப் போன்றோர் எத்தனை பேர் நின்றிருப்பர்! அவன் ஆடையைக் கொண்டுபோனவனுக்குக் கொக்கியின் பூட்டை உடைக்கும் தேவையே இருந்திராது. சாவியைக் கொடு என்று சொன்னால் போதும்.

புதிய ஏற்பாட்டில் ஆடைகளுக்குக் காவல் இருந்தவர் ஒருவரை நாம் அனைவரும் அறிவோம். முடியப்பரைக் கல்லெறிந்து கொன்றவர்கள், கை வீச வசதியாகத் தம் மேலாடைகளைக் களைந்து சவுல் என்னும் இளைஞரின் காலடியில் வைத்தனர். பிற்காலத்தில் எருசலேமில் அவரே அதை நினைவுகூர்ந்து, கொலைஞரின் ஆடைகளைத் தாம் காத்து நின்றதாகச் சொல்கிறார். அவர் ஒழுங்கான காவலர்தாம் என்று நம்புகிறோம். அன்று எவருடைய மேலாடையும் களவு போனதாகச் செய்தி இல்லை. எல்லாரும் வேலை முடிந்து அவரவர் ஆடையை அடையாளம் கண்டு எடுத்து அணிந்து வீடு சென்றிருப்பர். போனது ஓர் உயிர் மட்டுமே. இந்நிகழ்ச்சியைத் திருப்பலியில் வாசிக்கும்போதெல்லாம் கற்களைவிட அந்த ஆடைக் குவியலே நம் கண்முன் நிற்கிறது. இன்று பவுல் என வழங்கும் அதே சின்னப்பர், முதிர்ந்த வயதில் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த தம் போர்வையைக் குளிர்காலத்துக்கு முன் கொண்டுவரும்படி கேட்கிறார். பூட்டு எதுவும் அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை, கார்ப்பு இருந்தார்.

நம் பங்கின் செய்திக்கு வருவோம். கடந்த தவக்காலத்தில், ஞாயிறு இரண்டாம் திருப்பலி நேரத்தில், வண்டிகளில் மாட்டிவைத்த தலைக்கவசங்கள் அடுத்தடுத்து மூன்று காணாமற் போயின. மூன்றாவது, கட்டட வேலை செய்யும் ஓர் அன்பருடையது. தலைக்கவசம் இன்றிச் சென்றால் 1000 ரூபாய் தண்டம். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார். இளைஞர் மன்றத்தினர் தாழ்வாரச் சுவரில் பூட்டுக் கொக்கிகள் அறைய வேண்டும் என்று பங்குப் பேரவையில் கேட்டனர். இறைவன் இல்லத்தில் பூட்டா, நம்பிக்கை எங்கே போயிற்று என்று ஒரு சாரார் வெகுண்டனர். அப்போது பின்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து, “சாமி, நற்கருணைப் பேழையையே பூட்டித்தானே வைத்திருக்கிறோம்?” என்றார். பேரவை அடங்கிவிட்டது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 938-ஆம் எண்ணும் அதைத்தான் கூறுகிறது: பேழை உறுதியானதாகவும் பூட்டப்பட்டதாகவும் இருக்கவேண்டும்; சாவி மிகுந்த கவனத்தோடு காக்கப்படவேண்டும். ஆண்டவரின் திருவுடலுக்குப் பூட்டுப் போடுவது நம்பிக்கைக் குறைவு ஆகாது எனில், கொத்தனாரின் தலைக்கவசத்துக்குப் போடுவதும் ஆகாது. செல்வரின் தலைக்கவசம் போனால் மாலைக்குள் வேறொன்று வந்துவிடும். கொத்தனாருக்கு அப்படி அன்று. பூட்டு அவருக்காகவே தேவைப்படுகிறது என்பது நம் தீர்ப்பு.

ஆயினும் இரண்டு காரியங்களில் நாம் இளைஞர் சொன்னபடி விடவில்லை. சாவிக்கு ஐம்பது ரூபாய் முன்பணம் வாங்கலாம் என்றனர். கூடாது என்று மறுத்தோம். கொக்கியைப் பூட்டி அவரவர் சாவியை எடுத்துச் செல்லட்டும், ஆள் வேண்டாம் என்றனர், அதற்கும் இசையவில்லை. உரோமையின் அந்த நாற்காலியை நாம் மறக்கவில்லை. கோயில்பிள்ளையின் தமக்கை, கணவரை இழந்தவர், கொக்கிகளின் அருகே அமர்ந்து சாவிகளைக் கொடுத்து வாங்குகிறார். யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல், யார் வீட்டில் அடுப்பெரியவில்லை என்ற செய்தி இப்போது நமக்கு அவர் வழியாகவே முதலில் வருகிறது.

பேரவையிலே புனித மார்ட்டினைப் பற்றியும் சிறிது பேசினோம். இன்னும் ஞானஸ்நானம் பெறாத படைவீரராய் இருந்தபோது, கடுங்குளிரில் அமியேன் நகர வாயிலில் ஆடையற்று நின்ற ஓர் ஏழைக்குத் தம் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தவர். எஞ்சிய பாதியைப் பிற்காலத்தில் பிராங்கு அரசர்கள் திருப்பண்டமாகக் காத்தனர். இலத்தீனில் மேலங்கிக்குக் கப்பா என்று பெயர். அதை வைத்திருந்த இடம் கப்பெல்லா. சிற்றாலயங்களை நாம் சேப்பல் என்று அழைப்பது அதிலிருந்து வந்ததே.

இதன் விளைவாக, அறைந்த இருபத்து நான்கு கொக்கிகளில் கடைசி நான்கைப் பூட்டின்றி விட்டோம். அவற்றில் குடைகள் தொங்கும். தேவைப்படுவோர் கேளாமலே எடுத்துச் செல்லலாம். மழை தொடங்கிய முதல் ஞாயிறு நான்கும் போய்விட்டன. மறு வாரம் இரண்டு திரும்பின. மற்ற இரண்டையும் கொண்டுபோனது யார் என்று விசாரிக்கக் கோயில்பிள்ளை புறப்பட்டார். வேண்டாம் என்று தடுத்தோம். அடுத்த ஞாயிறு யாரோ புதிதாக மூன்று குடைகளைக் கொண்டுவந்து மாட்டியிருந்தனர். அவற்றில் ஒன்றுக்குக் கம்பி முறிந்திருந்தது. அதைச் செப்பனிடக் கொடுத்திருக்கிறோம்.