வருமானச் சான்று கேட்காத ஸ்காலர்ஷிப்

நாமக்கல் மாவட்டத்தில் பிள்ளையைப் படிக்கவைக்கிறவர்களுக்குப் பொங்கல் முடிந்தால் ஸ்காலர்ஷிப் டெஸ்ட் சீசன். பரமத்தி வேலூரில் பஸ் ஸ்டாண்ட், கடைவீதி, வாழைத்தார் மண்டி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பிளக்ஸ். '100 சதவீதம்' என்பது ஆள் உயரத்துக்கு இருக்கும். பக்கத்தில் 'வரை' என்பது கண்ணாடி போட்டுத் தேடுகிற அளவுக்கு இருக்கும்.

நான் வாழைத்தார் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். மகள் உள்ளூர் அரசுப் பள்ளியில் எட்டாவது படித்த வருஷம் அவளை இரண்டு தேர்வுகளுக்குத் தயார்செய்தேன். ஒன்று, ஒரு தனியார் உறைவிடப் பள்ளி நடத்திய ஸ்காலர்ஷிப் டெஸ்ட். இன்னொன்று, மத்திய அரசு 2008இல் கொண்டுவந்த என்எம்எம்எஸ் எனும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு. இரண்டுக்கும் சேர்த்துப் படித்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பது என் கணக்கு.

எங்கள் பக்கத்தில் தனியார் பள்ளிகள் ஸ்காலர்ஷிப் டெஸ்ட் வைக்கும் பழக்கம் வளர்ந்த கதை ஊருக்கே தெரியும். தொழிற்கல்வி நுழைவுத்தேர்வை 2007இல் தமிழ்நாடு கைவிட்டபின் டாக்டர் சீட்டும் இன்ஜினியரிங் சீட்டும் பிளஸ் டூ மார்க்கில் வந்து நின்றன. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பகுதிப் பள்ளிகளின் ஹாஸ்டல்கள் வெளிமாவட்டப் பிள்ளைகளால் நிரம்பின. பல இடங்களில் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள். 2017இல் நீட் வந்தது. பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலும் அந்த வருஷமே நின்றது, 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு நடந்தது. மார்க்கை மட்டும் நம்பிய பள்ளிகள் நீட் பக்கம் திரும்பின. நல்ல பிள்ளைகளைப் பத்தாவது முடித்தபின் தேடினால் பிந்திவிடும் என்று எட்டாவதிலேயே வலை வீச ஆரம்பித்தார்கள்.

என்எம்எம்எஸ் தேர்வில் இரண்டு தாள். மனத்திறன் 90 கேள்வி, படிப்புத்திறன் 90 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம். படிப்புத்திறனில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. மனத்திறனில் எண் தொடர், எழுத்துக் குறியீடு, கண்ணாடி பிம்பம், பகடை, கடிகாரம் என்று பாடப்புத்தகத்தில் இல்லாத சங்கதிகள். தனியார் பள்ளியின் தாளும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். ஒரு கைடு வாங்கிவந்து, ராத்திரி மண்டிக் கணக்கை முடித்துவிட்டு அவளோடு உட்கார்ந்தேன்.

ஒருநாள் 2, 6, 12, 20, 30, அடுத்து என்ன என்று ஒரு கேள்வி. கைடில் இருந்தபடியே சொல்லிக்கொடுத்தேன்: "வித்தியாசத்தைப் பாரு கண்ணு. நாலு, ஆறு, எட்டு, பத்து. அடுத்தது பன்னெண்டு. அப்ப நாப்பத்திரெண்டு." அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "வேற மாதிரியும் வருதுங்கப்பா. ஓரெண்டு ரெண்டு, ரெண்டு மூணு ஆறு, மூணு நாலு பன்னெண்டு. வாய்ப்பாடுதான் வரிசையா நடக்குது. பத்தாவது நம்பரைக் கேட்டாலும் இப்பவே சொல்லுவேன். பத்தப் பதினொண்ணால பெருக்குனா நூத்திப்பத்து." என் வழியில் போனால் பத்தாவது எண்ணுக்கு ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். அதற்குப்பிறகு கைடை முதலில் அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் கேட்டால் மட்டும் வாய் திறந்தேன். யார் நடத்துகிற தேர்வாக இருந்தாலும் இந்த மனத்திறன் பயிற்சி பிள்ளைக்கு லாபம்தான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

விண்ணப்பம் போடும்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. என்எம்எம்எஸ்ஸுக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. ஏழாம் வகுப்பில் 55 சதவீத மார்க் வேண்டும், பட்டியலினப் பிள்ளைகளுக்கு அதில் தளர்வு உண்டு. அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ படிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு எழுதிப்போட்டு, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று அது நகர்ந்துவரும் வரை காத்திருந்தேன். தனியார் பள்ளி விண்ணப்பத்தில் பெயர், வகுப்பு, போன் நம்பர், போன வருஷ மார்க். என் வருமானத்தைக் கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. என்ன ஒரு பெருந்தன்மை என்றுதான் அப்போது தோன்றியது.

முடிவுகள் வந்தன. என்எம்எம்எஸ்ஸில் தேர்ச்சிக்கான 40 சதவீதத்தை மகள் தாண்டியிருந்தாள், ஆனால் உதவித்தொகைப் பட்டியலில் பெயர் இல்லை. நாடு முழுக்க வருஷத்துக்கு ஒரு லட்சம் பேருக்குத் தருகிற உதவித்தொகை அது. தமிழ்நாட்டின் பங்கு 6,695. ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை வருஷம் 12,000 வீதம், நாலு வருஷத்துக்கு 48,000 ரூபாய். அது கை நழுவியது. அதே வாரம் தனியார் பள்ளியிலிருந்து போன்: "பாப்பா செலக்ட் ஆயிருக்குங்க, வந்து அட்மிஷன் போட்டுக்குங்க."

போனோம். ஏசி அறை, மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி. "டியூஷன் பீஸ்ல பாதி கழிச்சிடறோம் சார்" என்று ஒரு தாளை நகர்த்தினார். கணக்கு எழுதுகிறவன் கண் கடைசி வரிக்குத்தான் போகும். டியூஷன் பீஸ் ஒரு வரி. அதன்கீழே ஹாஸ்டல், மெஸ், புத்தகம், யூனிபார்ம், சலவை, நீட் ஃபவுண்டேஷன். கழித்தது முதல் வரியில் மட்டும். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இறங்கவில்லை. "அடுத்த வருஷமும் இதே கழிவு உண்டுங்களா?" என்று கேட்டேன். "மார்க்கைப் பொறுத்து சார்" என்றார். வெளியே வந்ததும் வீட்டுக்காரி கேட்டாள்: "ஏனுங்க, நம்மகிட்ட எவ்வளவு வருமானம்னு ஒரு வார்த்தை கேக்கலையே. அப்புறம் எப்படி இது ஒதவி?"

அந்தக் கேள்விக்கு மண்டியில் பதில் இருந்தது. ஏலத்துக்கு வரும் பூவன், ரஸ்தாலி, கற்பூரவல்லியில் நல்ல தாராகப் பார்த்து முன்வரிசையில் வைப்பார்கள், வாங்க வருகிறவன் கண் முதலில் அங்கே விழட்டும் என்று. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குப் பள்ளி தருகிற சலுகையும் அந்த முன்வரிசைக்குத்தான். ரிசல்ட் வந்த மறுநாள் பேப்பர் விளம்பரத்தில் வரும் முகங்களைப் பார்த்து அடுத்த வருஷம் பத்து பேர் முழுக் கட்டணம் கட்டிச் சேருவார்கள். இது ஒரு கொடுக்கல் வாங்கல், குற்றமில்லை. முழுச் சலுகையில் சேர்ந்து நன்றாக வந்த பிள்ளைகளும் எங்கள் ஊரில் உண்டு. என்எம்எம்எஸ் பிள்ளையின் திறமையோடு வீட்டின் கஷ்டத்தையும் பார்க்கிறது. பள்ளியின் டெஸ்ட் பார்ப்பது மார்க்கை மட்டும்.

உதவி திறமைக்கா, கஷ்டத்துக்கா என்ற கேள்வி வெளிநாட்டிலும் உண்டு. இங்கிலாந்து அரசர் ஆறாம் ஹென்றி 1440இல் ஈட்டன் கல்லூரியைத் தொடங்கியபோது 70 ஏழைப் பையன்களுக்கு இலவசப் படிப்பு என்பது ஏற்பாடு. காலப்போக்கில் அது பணக்காரப் பிள்ளைகளின் பள்ளியாயிற்று. இன்று அந்நாட்டுத் தனியார் பள்ளிகள் பலவற்றில் திறமைக்கு ஸ்காலர்ஷிப் தனி, குடும்ப வருமானம் பார்த்துத் தரும் உதவி தனி. எது எதற்கு என்று அங்கே பெற்றோருக்குத் தெரிந்துவிடுகிறது.

அந்தப் பள்ளியில் சேர்த்திருந்தால் விட்டுப்போயிருக்கும் சிலவற்றையும் அப்புறம்தான் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, 2020 முதல். இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம் ஆகியவற்றில் 2021 முதல். பெண் பிள்ளை கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஒன்பதாவதில் தனியாருக்கு மாறினால் இவை போய்விடும். என்எம்எம்எஸ் கிடைத்த பிள்ளைக்கும் அந்தத் தொகை நின்றுவிடும். இதையெல்லாம் சொல்வது அந்த மேசைக்காரர் வேலை இல்லை, பெற்றவர்கள் வேலை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இவ்வளவு கணக்குப் போட்ட பிறகும் இரண்டு நாள் மனசு அந்தப் பள்ளிப் பக்கமே இழுத்தது. பணம் மிச்சமாகிறது என்பதற்காக அல்ல. கல்யாண வீட்டுப் பந்தியில் பங்காளிகள் நடுவில் "பாப்பா ஸ்காலர்ஷிப்புல படிக்குதுங்க" என்று சொல்லலாமே என்றுதான். முடிவை மகளிடமே விட்டோம். இங்கேயே படிக்கிறேன் என்றாள். இப்போது அதே அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன், கணக்குப் பிரிவு.

டெஸ்ட் எழுதவைக்க வேண்டாம் என்று யாரிடமும் சொல்லமாட்டேன். செலவில்லாத பயிற்சி, எழுதட்டும். சேர்க்கை மேசையில் மட்டும் நாலு கேள்வி கேளுங்கள். சலுகை எந்த வரியில்? எத்தனை வருஷத்துக்கு? மார்க் குறைந்தால் என்ன ஆகும்? கணக்கிடுவது, 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் கமிட்டி அந்தப் பள்ளிக்கு விதித்த கட்டணத்திலிருந்தா, பள்ளி சொல்லும் தொகையிலிருந்தா? பதிலைப் பள்ளி முத்திரையோடு எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அட்மிஷன் பணத்தைக் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.