பட்டுப் போர்வையும் பின்வந்த ஊசியும்

தேவிகாபுரம் என்றால் பெரியநாயகியம்மன் கோயிலின் நெடுமதிலும், குன்றின்மேல் விளங்கும் கனககிரீசுவரர் ஆலயமும், தெருத்தோறும் கேட்கும் தறியோசையும் நினைவுக்கு வரும். 1989 வரை வடஆர்க்காட்டைச் சேர்ந்திருந்து, பின்னர்த் திருவண்ணாமலை மாவட்டத்தில் அடங்கிய இவ்வூர், ஆரணிப் பட்டு என்று பெயர்பெற்ற சேலைகளை நெய்யும் ஊர்களுள் ஒன்று. பட்டை நெய்யவும் மடிக்கவும் விலைபேசவும் இங்கே வல்லவர் பலர். ஆயினும் பட்டைப் பஞ்சோடு சேர்த்துத் தைத்துப் போர்வையாக்குவார் ஒருவரையும் யாம் இவ்வூரிற் கண்டதில்லை. வெயில் மிகுந்த நாட்டில் மார்கழிப் பனிக்கும் ஒரு பழஞ்சேலையே போதுமன்றோ? ஆகவே, இவ்வாண்டு எம் இல்லத்தில் எழுந்ததொரு வினா ஊரார்க்குப் புதிதாயிருந்தது போலவே எமக்கும் புதிதாயிருந்தது. அவ்வினாவையும், அதற்கு விடைகண்ட வழியையும், எம் கல்லூரிச் சஞ்சிகையைப் படிக்கும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவ நண்பர்க்கும் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

எம் அன்னையார் இளமையில் விடுதிப் பள்ளியொன்றில் ஊசிவேலை பயின்றவர். தமிழகத்து மிஷன் பள்ளிகளில் இக்கல்விக்கு நெடிய வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் சிறுமியர்க்கு ரேந்தைப் பின்னல் கற்பித்தார். அடிமைக் குடியிற் பிறந்த பெண்கள் சிலர் அவ்வேலையால் ஈட்டிய பொருளைக் கொடுத்துத் தம் விடுதலையை வாங்கினர் என்பது வரலாறு. அவர் மகளார் எலைசா, கால்டுவெல் ஐயரை மணந்தபின் இடையன்குடியில் அக்கலையை வளர்த்தார். இவ்வாறு பள்ளிதோறும் பரவிய ஊசிக் கல்வியின் ஒரு சிறு துளியே எம் அன்னையார்க்கும் கிட்டியது.

மணமாகித் தேவிகாபுரம் வந்த அன்னையார்க்கு எந்தையார் தம் தறியில் ஒரு பட்டை நெய்து கொடுத்தார். அரக்குச் சிவப்பு நிறம். இருபுறமும் குறுகிய ஜரிகைக் கரை. அகலம் 4 அடி, நீளம் 7 அடி. தறியில் மிஞ்சிய வெண்மை, பச்சை, மஞ்சள் இழைகளைக் கொண்டு, அன்னையார் அதன்மேல் இரண்டாண்டுக் காலம் மாலைதோறும் பூத்தையல் இட்டார். குடத்தினின்று எழும் கொடியும், கொடியிடையே மயில்களும், ஒரு மூலையில் உள்ளங்கையளவான குழித்தறியும் அதில் உள. பஞ்சு வைத்துப் போர்வையாகத் தைப்பதே இருவர்க்கும் கருத்து. அதற்குள் எந்தையார் காலமானார். பட்டு நாற்பது ஆண்டுகள் பெட்டியிலே கிடந்தது.

இப்பொழுது எம் தமக்கையாரின் மகளுக்குத் தை மாதத்தில் மணம் நிச்சயமாகியுள்ளது. மணமகன் பணிபுரிவது உதகமண்டலத்தில். கடல்மட்டத்திற்குமேல் 2,200 மீட்டருக்கும் உயர்ந்த அவ்வூரில் மார்கழி, தை மாதங்களில் புல்மேல் உறைபனி படியும். “பேர்த்திக்கு இனியாவது அது போர்வையாகட்டும்” என்றார் அன்னையார். அவர்க்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. ஊசிக்காதில் நூல்கோக்கும் அளவு பார்வையில்லை. அப்படியாயின் தைப்பது யார்? நகரத்திலுள்ள இயந்திரப் பட்டறையா, யாமா? இதுவே வினா.

பஞ்சுப் போர்வை என்பது மூன்று அடுக்குகளால் ஆயது. மேலே அழகிய துணி, நடுவே பஞ்சு, கீழே மெல்லிய பின்துணி. இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலே அவற்றை ஒன்றாக்குகின்றது. தையலில்லையேல் பஞ்சு ஓரிடத்தில் திரண்டு மற்றோரிடத்தில் வெறுமையாகும். இம்முறை மிகத் தொன்மையானது. 14-ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் தைக்கப்பெற்ற டிரிஸ்டன் போர்வை இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் உளது. நம் நாட்டில் வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்தவற்றைக் காந்தா என்பர். நம் கந்தை என்னும் சொல்லும் அதன் உறவே.

வினாவை ஆராயப் புகுந்தபோது இரு நினைவுகள் எம்மை இருபுறமும் இழுத்தன. வங்கக் கவிஞர் ஜசிமுத்தீன் 1929-ல் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கதைப்பாட்டில், கணவனைப் பிரிந்த பெண் தன் வாழ்வு முழுவதையும் ஒரு காந்தாவிலே தைத்து, இறந்தபின் அதனைத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்கின்றாள். அத்தகைய துணியில் வேறொருவர் ஊசி புகுதல் தகுமோ என்று தோன்றும். ஆனால் அமெரிக்க நாட்டுக் கிராமங்களில் மேற்றுணியை ஒருத்தி தன் வீட்டிலிருந்து ஆக்குவாள். அதனைச் சட்டத்திற் கட்டியபின், அண்டையிலுள்ள பெண்கள் சுற்றியமர்ந்து ஒரே நாளிற் பஞ்சோடு சேர்த்துத் தைத்து முடிப்பர். அங்கே பலர் கை புகுந்ததனால் அவள் போர்வை அவளுடையது அன்று என்று எவரும் சொல்வதில்லை.

தமக்கையார் பட்டறையின் பக்கம் நின்றார். “பழகாத கையால் அம்மாவின் வேலையைக் கெடுப்பதைவிட, பழகியவரிடம் கொடுப்பதே மரியாதை. இரண்டு நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள்” என்றார். அதில் நியாயமுண்டு. யாம் துணிகளுக்கு விளிம்பு மடித்துத் தைப்பதும் பொத்தான் வைப்பதும் அறிவோமேயன்றி, மூன்று அடுக்கை ஊடுருவி ஒரே அளவாகத் தையல் இட்டறியோம். அன்பு ஒன்றே திறமையாகிவிடாது. அன்புள்ளவர் தைத்த கோணற் கோடும் கோணற் கோடே.

மேலும், இயந்திரம் என்றவுடனே பழித்தல் எம் ஊரார்க்குப் பொருந்தாது. கைத்தறிக்கென்று சில துணிவகைகளை ஒதுக்கும் சட்டம் 1985-ல் இயற்றப்பெற்றது. சேலையும் அவற்றுள் ஒன்று. கை, இயந்திரம் என்னும் வேறுபாடு இங்கே பிழைப்போடு சேர்ந்தது. ஆயினும் கைத்தறியின்மேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டும் ஓர் இயந்திரமே. பிரான்சு தேசத்து ஜக்கார்டு 1804-ல் அமைத்த அக்கருவி, அட்டைத் துளைகளைக் கொண்டு எந்தப் பாவிழை எழவேண்டும் என்று தறிக்கு உணர்த்துகின்றது. ஆகவே இயந்திரமா அன்றா என்பதன்று கேள்வி. இந்தத் துணிக்கு எது ஏற்கும் என்பதே கேள்வி.

இதனைச் சொல்லாற் தீர்க்காமல் சோதித்துப் பார்க்கத் துணிந்தோம். எந்தையார் நெய்த அதே பட்டில் ஒரு முழத் துண்டு எஞ்சியிருந்தது. அதன்மேலும் சில பூக்கள் அன்னையார் பழகுங்கால் தைத்தவை. முதலில் ஒரு வெண்துணியை நனைத்து மூலையில் ஒற்றினோம். சிவப்பு சிறிது ஒட்டியது. எனவே இப்போர்வை நீரில் நனைத்தற்கு உரியதன்று என்று தெரிந்தது. பின்னர் அத்துண்டை இரண்டாக்கி, இரண்டிலும் பஞ்சும் பின்துணியும் வைத்தோம். ஒன்றைத் தெருமுனைத் தையற்காரர் இயந்திரத்தில் ஓட்டித் தந்தார். மற்றொன்றை யாமே குறுகிய மெல்லூசியாற் தைத்தோம்.

அழகில் இயந்திரமே வென்றது. அதன் கோடு நூல்பிடித்தாற்போல் நேராயிருந்தது. ஆனால் அன்னையாரின் பூவைக் கடந்த இடத்தில், ஊசி இரண்டு இழைகளை அறுத்திருந்தது. இயந்திர ஊசி தடையைக் கண்டு நிற்பதில்லை. வேகம் மாறாமற் குத்திச் செல்லும். கையூசியோ பின்புறத்தில் ஒரு முடிச்சு வந்தவுடன் விரலுக்கு அறிவிக்கின்றது. விரல் விலகி வேறு வழி தேடுகின்றது. பின்னர் இரண்டு துண்டிலும் தையலைப் பிரித்தோம். இயந்திரம் ஓடிய இடத்திற் பட்டின்மேல் துளைவரிசை நின்றது. கையாற் தைத்த இடத்திலும் தடம் இல்லாமலில்லை. ஆயினும் நகத்தால் மெல்லத் தடவ, இழைகள் பெரும்பாலும் தம்மிடத்தை அடைந்தன.

இது எமக்கு ஓர் உண்மையைக் காட்டிற்று. இத்துணியைப் பின்னொரு நாள் எவரேனும் பிரித்துப் பஞ்சு மாற்ற விரும்பலாம். அல்லது மேற்றுணியைத் தனியே எடுத்துக் காக்க விரும்பலாம். பிரிப்பதற்கு இடங்கொடுக்கும் தையலே இதற்கு ஏற்றது. தினமும் துவைத்து வெளுக்கும் பருத்திப் போர்வையாயின், யாமே அதைப் பட்டறைக்கு அனுப்பியிருப்போம்.

எஞ்சிய ஐயம் எம் திறமையைப் பற்றியது. அதனை நீக்கியவர், எந்தையாரோடு தறியில் அமர்ந்தவரும், யாம் சித்தப்பா என்றழைப்பவருமான முதியவர். அவர் துண்டுகள் இரண்டையும் விளக்கினருகே பிடித்துப் பார்த்துவிட்டு, “பாவு பிணைக்கிறதைப் பார்த்திருக்கிறீர்களே, அம்மா” என்றார். ஒரு பாவு நெய்து முடிந்தபின், அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப்பாவின் இழையை விரலால் முறுக்கிச் சேர்ப்பர். ஆயிரக்கணக்கான இழைகளைப் பிணைப்பவர் பெரும்பாலும் நெய்பவர் அல்லர். “பிணைத்தவர் கைவேலை சேலையிலே தெரியக்கூடாது. தெரிந்தால் அது குற்றம். நீங்கள் தைப்பதும் அப்படித்தான். அண்ணி போட்ட பூவுக்குப் போட்டியாக ஒன்றும் தைக்காதீர்கள். பூ இல்லாத இடத்தில் அடக்கமாக ஓட்டுங்கள். அதற்குப் பெரிய வித்தை வேண்டாம், பொறுமை வேண்டும்” என்றார்.

அச்சொல்லால் எம் அச்சம் தன் அளவுக்குச் சுருங்கிற்று. சித்திரம் வரையும் பொறுப்பு எமக்கில்லை. அது நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே முடிந்துவிட்டது. மூன்று அடுக்கைப் பிணைத்து ஒதுங்கும் பொறுப்பே எமது. உடனே கணக்கிட்டோம். 48 அங்குல அகலத்தில் 2 அங்குலத்திற்கு ஒன்றாக 24 வரிசை. ஒவ்வொன்றும் 84 அங்குலம். ஆக 2,016 அங்குலம், அதாவது 56 கஜம். அங்குலத்திற்கு 6 தையல் வீதம் 12,096 தையல். பூக்கள் நிற்கும் இடங்களில் வரிசை விட்டுப்போவதால் உண்மைத் தொகை இதனினும் குறையும். மாலைக்கு ஒரு கஜம் தைத்தால் 56 மாலைகள். புரட்டாசியில் தொடங்கினால் மார்கழிக்குள் முடியும். பிரித்துத் தைக்கவும் நாள் எஞ்சும். தமக்கையாரும் இக்கணக்கைக் கண்டு இசைந்தார்.

எனவே இவ்வாறு முடிவு செய்தோம். பூவையும் ஜரிகையையும் ஊசி தொடலாகாது. ஜரிகையில் இழைமேற் சுற்றிய உலோகத் தகடு ஊசிபட்டால் அறும். இலவம்பஞ்சு வழுக்கித் திரளுமாதலின், மெல்லிய பருத்திப் பஞ்சே நடுவில் இடப்பெறும். பின்துணியாக எந்தையாரின் பழைய வேட்டியை வைப்போம். பலகால் துவைத்து இளகிய துணியில் ஊசி எளிதிற் செல்லும். மூன்று அடுக்கையும் முதலில் நீண்ட தையலால் இழையோட்டி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் தைத்துச் செல்வோம்; அப்பொழுதுதான் சுருக்கம் நடுவிற் தங்காது. கழற்றித் துவைக்கத்தக்க பருத்தியுறை ஒன்றும் செய்து பேர்த்தியிடம் கொடுப்போம்.

அன்னையார்க்கும் இதில் ஒரு பணி வாய்த்தது. பார்வை மங்கினும் அவர் விரல்கள் மங்கவில்லை. பயிற்சித் துண்டின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்து, “இங்கே நூலை அதிகம் இழுத்துவிட்டாய், இங்கே தளர்ந்திருக்கிறது” என்று அவர் சொல்லியவாறே, பார்த்தபோதும் இருந்தது. தைக்கும் கை எமதாயினும், சரிபார்க்கும் கை அவருடையதாகவே இருக்கும். ஒவ்வொரு மாலையும் தைத்த ஒரு கஜத்தை அவர் விரல் ஒப்புக்கொண்ட பின்னரே அடுத்த கஜம் தொடங்கும் என்பது எங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு.

முன்னோர் பாதியில் விட்டுச்சென்ற வேலை பல இல்லங்களில் பெட்டியுள் உறங்குகின்றது. ஒருவர் வீட்டில் அது ஏட்டுச் சுவடி. ஒருவர் வீட்டில் பாட்டனார் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு. ஒருவர் வீட்டில் பட்டு. அதனைத் தொடலாமா என்று அஞ்சுவோர்க்கு யாம் சொல்லத்தக்கது சிறிதே. முதலில் ஒரு துண்டிற் சோதித்துப் பாருங்கள். முன்னவர் செய்ததை மறைக்காத வழியைத் தேர்ந்துகொள்ளுங்கள். பின்வருவோர் பிரித்துத் திருத்த இடம் விடுங்கள். இம்மூன்றும் இயலுமாயின் உங்கள் கையாலே செய்யுங்கள். இயலாதாயின், இம்மூன்றையும் செய்யவல்ல வேறொருவர் கையில் நம்பிக் கொடுங்கள். பெட்டியுள் வைத்துப் போற்றுவது மட்டும் காப்பாகாது. மடிப்பு மாறாமற் கிடக்கும் பட்டு மடித்த இடத்திலேயே இற்றுப்போகும் என்பதைத் தேவிகாபுரத்திற் சிறுவரும் அறிவர்.