அண்ணாமலையில் ஒரு காட்டு நடை!

திருவண்ணாமலை என்றாலே 14 கி.மீ. கிரிவலம்தான் நினைவுக்கு வரும். மலைக்குள்ளேயே இன்னொரு அழகான நடையும் உண்டு. ரமணாஸ்ரமத்தின் பின்புறம் தொடங்கும் கல் பாவிய பாதை, காட்டு வழியே கந்தாஸ்ரமத்துக்கு ஏறுகிறது. நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரம்.

1916 முதல் 1922 வரை ரமணர் தங்கிய இடம் இது. ஊற்றுநீரும் மர நிழலுமாகக் குளுகுளுவென்று இருக்கும். சற்றுத் தள்ளி இருக்கும் பாறையில் நின்றால், 217 அடி ராஜகோபுரம்கூட கொலு பொம்மையாகத் தெரியும்! அங்கிருந்து இறங்கினால் விருபாட்ச குகை, பிறகு ஊர்.

இந்த நிழல் தானாக வந்ததல்ல. ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்த மலை இது. 1980-களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்களும் வனத்துறையும் கன்று நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த காடு. கோடையில் காய்ந்த புல்லில் ஒரு பீடித்துண்டு விழுந்தால் போதும், பல வருட உழைப்பு ஒரே நாளில் சாம்பல்.

2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலையில் மண் சரிந்து, அடிவாரத்தில் 7 பேர் உயிரிழந்தார்கள். சரிவில் மண்ணைப் பிடித்து வைப்பவை வேர்கள்தான். மேலே மரம் நிற்பது, கீழே குடியிருப்பவர்களுக்கும் காவல்.

காலையிலேயே கிளம்புங்கள். பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் கட்டாயம். காலி பாட்டிலும் உங்களோடே இறங்கட்டும். தீப்பெட்டி மட்டும் வேண்டவே வேண்டாம்!