தாழம்பழ அப்பமும் தாயின் கைமணமும்



2016ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், வேலை நிமித்தமாகக் கார் நிக்கோபார் தீவில் சில நாட்கள் தங்கும்படி கர்த்தர் கிருபை செய்தார். போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் அந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) தெற்கே சுமார் 270 கிலோமீட்டர் கடல் வழியாய்ச் செல்ல வேண்டும். பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட தீவாகையால், அரசின் அனுமதிச் சீட்டின்றி வெளியார் அங்கே கால்வைக்க இயலாது. சுமார் 127 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தட்டையான பவளத் தீவு அது. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்வோர் 17,841 பேர். நிக்கோபாரியரில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள்.

இத்தீவுகளின் சுவிசேஷ வரலாற்றில் தமிழகத்துக்கும் பங்குண்டு. நம் தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்ட மொரேவியன் சகோதரர்கள் 1768இல் நான்கௌரித் தீவில் ஊழியம் தொடங்கினார்கள். காய்ச்சலுக்குப் பலரைப் பலிகொடுத்து, 1787இல் அதைக் கைவிட்டார்கள். அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், வேதப்பன் சாலொமோன் என்னும் தமிழ் உபதேசியார் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் தங்கிப் பள்ளி நடத்தினார். அவரிடம் பயின்ற சிறுவன் ஒருவன் பர்மாவிலுள்ள மாந்தளைக்கு அனுப்பப்பட்டுக் கல்வி கற்றுத் திரும்பினான். அவரே பின்னாளில் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன். புதிய ஏற்பாட்டைத் தம் தாய்மொழியில் தந்தவர். 1952இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டவர்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு சபை மூப்பரின் வீட்டிற்கு அழைக்கப்பட்டேன். வீட்டின் பின்புறம் விறகடுப்பில் ஒரு பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது. அதனுள் இருந்தது தாழை இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பழம். நமக்குத் தாழை என்றால் கூந்தலில் சூடும் தாழம்பூவே நினைவுக்கு வரும். நிக்கோபாரியருக்கோ அது அப்பம் தரும் மரம். பலாப்பழம்போல் பருத்த அப்பழத்தைச் சுளை சுளையாய்ப் பிளந்து, இலையால் மூடி, மணிக்கணக்கில் அவிக்கிறார்கள். வெந்த சுளையில் நார் மிகுதி. சிப்பி ஓட்டினால் சதையைச் சுரண்டியெடுத்து, நாரைப் பொறுமையாய் நீக்கிப் பிசைந்து, மஞ்சள் நிற உருண்டைகளாக்கி இலையில் பொதிகிறார்கள். மெல்லிய இனிப்புடைய அந்த அப்பத்தைத் தேங்காயோடு உண்டேன். நெருப்பில் சுட்ட ரொட்டி அன்று அது. ஆயினும் கோதுமை விளையாத தீவில் அதுவே அப்பம்.

இது நேற்று முளைத்த வழக்கமும் அன்று. 1688இல் நிக்கோபார்த் தீவுகளுக்கு வந்த வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி, இப்பழத்தை அவித்து அப்பமாக்கும் முறையையும், அது ஆறேழு நாள் கெடாதிருப்பதையும் தம் பயண நூலில் எழுதிவைத்தார்.

அன்று அப்பானையைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் அமர்ந்திருந்தார்கள். அனைவரும் ஒரே 'துஹெட்'டைச் சேர்ந்தவர்கள். துஹெட் என்பது நிக்கோபாரியரின் கூட்டுக் குடும்பம். நிலமும் தென்னந்தோப்பும் பன்றிகளும் அதற்குப் பொதுச் சொத்து. பண்டிகை உணவும் அப்படியே. நார் நீக்குவது தனியொருத்தியால் முடிகிற வேலையன்று. பேச்சும் சிரிப்பும் கீதமுமாய்ப் பல கைகள் கூடியே அது நடந்தது.

அவ்வீட்டுப் பாட்டியம்மாள் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஒரு காரியத்தைச் சொன்னார். 2004ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கும் இப்படியே பானை ஏற்றினார்களாம். மறுநாள் டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணியளவில் பூமி அதிர்ந்தது. சற்று நேரத்தில் கடல் எழும்பிவந்தது. கடலோரக் கிராமங்கள் அழிந்தன. பல நூறு பேர் மாண்டார்கள். தென்னந்தோப்புகளும் பன்றிகளும் போயின. கரையோரத்தில் ஊர் கூடும் பொதுவெளியாகிய 'எல்பனம்' அலைவாய்ப்பட்டது. உயிர் தப்பினோர் உள்நிலத்தில் தகரக் கொட்டகைகளிலும், பின்னர் அரசு கட்டித்தந்த வீடுகளிலும் குடியேறினார்கள். நிவாரணமாய் அரிசியும் கோதுமை மாவும் கப்பலில் வந்தன. மீண்டும் தாழம்பழம் அவித்த நாளில், பானையைச் சுற்றி உட்கார ஆட்கள் குறைந்திருந்தார்கள் என்று சொல்லிவிட்டு அவர் மௌனமானார். அந்த அப்பத்தில் எவ்வளவு கண்ணீர் பிசையப்பட்டிருக்கிறது என்று அப்போது உணர்ந்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று, ஆராதனை முடிந்தபின், பந்தியில் பன்றி இறைச்சியும் கிழங்கும் சோறும் இருந்தன. ஓர் ஓரத்தில் கடையில் வாங்கிய கேக்கும், அதனருகே தாழம்பழ அப்பமும் இருந்தன. பிள்ளைகள் கேக்கையே முதலில் எடுத்தார்கள். பாட்டியம்மாள் அதைப் பார்த்தும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் தட்டிலும் ஒரு துண்டு அப்பத்தைத் தம் கையால் வைத்துக்கொண்டே போனார்.

பண்டிகை அப்பம் என்பது எங்கும் இப்படித்தான் போலும். மேற்கிந்தியத் தீவாகிய ஜமைக்காவில் ஈஸ்டர் காலத்தில், உலர்ந்த திராட்சையும் வாசனைப் பொருட்களும் சேர்த்த கருநிற இனிப்பு ரொட்டியைச் சுட்டுப் பாலாடைக்கட்டியோடு உண்கிறார்கள். ஆங்கிலேயர் கொண்டுவந்த சிலுவைக் குறியிட்ட ரொட்டியே அங்கு அவ்வாறு உருமாறியது. ஜமைக்காவுக்கு வேதத்தோடு அப்பமும் வெளியிலிருந்து வந்தது. கார் நிக்கோபாருக்கு வேதம் வந்தது. அப்பமோ முன்பே அவர்களுடைய மண்ணில் இருந்தது. கலிலேயாக் கடலோரத்தில் ஒரு சிறுவனிடமிருந்த வாற்கோதுமை அப்பங்களைக் கர்த்தர் அற்பமாய் எண்ணாமல் கையில் எடுத்தாரே, அது என் நினைவுக்கு வந்தது.

அன்பானவர்களே, நம்மில் சிலர் கிறிஸ்துமஸை ஆசரிப்பதில்லை. அதைக் குறித்து நான் வழக்காட வரவில்லை. என் இருதயத்தைக் குத்தியது வேறொன்று. நாகர்கோவில் பக்கத்து என் கிராமத்தில், பண்டிகைக்கு முன் என் தாயார் முந்திரிக்கொத்து செய்வார்கள். சிறுபயறு வறுத்துத் திரித்து, வெல்லப்பாகும் தேங்காயும் எள்ளும் சேர்த்து உருட்ட, அயல்வீட்டுப் பெண்கள் எல்லாரும் வருவார்கள். செய்ததில் பாதி வேற்று மதத்தார் வீடுகளுக்கும், அந்த ஆண்டில் துக்கம் கண்ட வீடுகளுக்கும் போகும். சென்னைக்குக் குடிவந்த பதினெட்டு ஆண்டுகளாய் நான் பேக்கரியில் ஒரு கேக்கை வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டாரோடு மட்டும் உண்டு வந்தேன். எதிர்வீட்டாரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஊர் திரும்பியதும் தாயாருக்குத் தொலைபேசியில் பேசி, பக்குவம் கேட்டு எழுதிக்கொண்டேன். எண்பதை நெருங்கிய அவர்களுக்கு அளவுகள் மறந்திருந்தன. "கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது" என்றார்கள். ஆகவே அடுத்த டிசம்பரில் அவர்களையே அழைத்துவந்தோம். அவர்கள் நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல, என் மனைவியும் பிள்ளைகளும் எதிர்வீட்டு அம்மாளும் சேர்ந்து உருட்டினார்கள். எண்ணெயில் பாதி உடைந்துபோயின. உடைந்தவற்றை நாங்கள் வைத்துக்கொண்டு, நல்லவற்றைப் பொதிந்து, எங்கள் மாடியிலுள்ள எட்டு வீடுகளுக்கும் கொடுத்தனுப்பினோம்.

உங்கள் வீட்டிலும் கைக்கு மட்டுமே தெரிந்த பக்குவத்தோடு ஒரு தாயார் இருக்கக்கூடும். அந்தக் கைகள் ஓயுமுன் அவர்களருகே போய் உட்காருங்கள். கர்த்தர் உங்கள் பந்தியை ஆசீர்வதிப்பாராக.